ஒரு வேலிக் கம்பம்

செய்திப் புகைப்படத்தில் கைவைப்பது பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் பெரிய பொய்களைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள். மாஸ்கோ கால்வாய் ஓரம் ஸ்டாலினுக்குப் பக்கத்தில் நின்ற யெஷோவ் 1940-ல் சுட்டுக் கொல்லப்பட்டார். பிறகு வந்த படத்தில் அவர் இடத்தில் தண்ணீர். இதில் விவாதிக்க ஒன்றுமில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது, கெட்ட நோக்கமின்றி அழகுக்காகச் செய்யப்படும் சின்னத் திருத்தம்.

1970 மே 4 அன்று அமெரிக்காவில், ஓஹையோ மாநிலத்துக் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் தேசியக் காவற்படை சுட்டு நான்கு மாணவர்கள் இறந்தார்கள். அங்கே மாணவராக இருந்த ஜான் ஃபிலோ எடுத்த படம் உலகறிந்தது. குப்புறக் கிடக்கும் உடல். அருகே மண்டியிட்டுக் கைவிரித்துக் கதறும் சிறுமி. மறு வருஷம் புலிட்சர் பரிசு. அச்சிறுமியின் தலைக்கு நேர் பின்னே, தலையிலிருந்தே முளைத்தது மாதிரி, ஒரு வேலிக் கம்பம். 1995-ல் 'லைஃப்' பத்திரிகை இப்படத்தைத் திரும்பப் பிரசுரித்தபோது கம்பம் இல்லை. யாரோ எப்போதோ இருட்டறையில் நீக்கிவைத்திருந்த பிரதி அது.

இதனால் செய்தி மாறிவிட்டதா? இறந்தவர் இறந்தவர்தான். ஆனால் கம்பம், யாரும் யோசித்து வைக்காத பொருள். எந்த ஓவியனும் அதை அங்கே வைத்திருக்கமாட்டான். நகர்ந்து நின்று கோணம் பார்க்க அவகாசம் இருக்கவில்லை என்பதை அந்த அசட்டுக் கம்பம்தான் சொல்கிறது. அதை எடுத்ததும் படம் மைக்கலாஞ்சலோவின் பியெத்தா பக்கம் நகர்ந்துவிடுகிறது. எங்கும் நிகழக்கூடிய துக்கமாகிவிடுகிறது. நிகழ்ந்ததோ அங்கே, அந்த வேலி ஓரத்தில்.

(ஸ்டுடியோக்காரர் கல்யாணப் படத்தில் மருவை டச்சிங் செய்வதில் எனக்கு ஆட்சேபமில்லை. அது நாம் காசு கொடுத்துக் கேட்டு வாங்கும் பொய்.)

ஓரத்தை வெட்டுவதும் திருத்தம்தானே என்று கேட்கலாம். வெட்டும் குற்றமற்றதல்ல. ஆனால் படத்துக்கு எல்லை உண்டென்று பார்க்கிறவனுக்குத் தெரியும். எல்லைக்குள்ளே ஓட்டை போட்டு அடைத்திருப்பது தெரியாது.

2013-ல் சிரியாவில் நார்சிஸோ கொன்ட்ரேராஸ் ஒரு போராளியைப் படமெடுத்தார். மூலையில் தெரிந்த சக நிருபரின் வீடியோ காமிராவைத் தரையால் மூடி மறைத்தார். அசோசியேட்டட் பிரஸ் 2014 ஜனவரியில் அவரோடு உறவை முறித்துக்கொண்டது. அந்நிறுவனத்துக்குப் புலிட்சர் வாங்கித் தந்த குழுவில் இருந்தவர். ஒரு மூலைக்கு இவ்வளவு தண்டனையா என்று தோன்றலாம். எனக்குத் தோன்றவில்லை. அவர் அழித்தது இன்னொரு சாட்சியை. போராளி அங்கே தனியாக இல்லை என்ற தகவலை. கம்பத்தை அழித்தவர் பெயர் இன்றுவரை வெளிவரவில்லை.