இசை கூடுமா? வழக்கில் விடுபட்ட சொல்

இஸ்லாத்தில் இசை கேட்டல் கூடுமா, கூடாதா என்னும் வழக்கு மிகப் பழையது. கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்திலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் தமிழ் முஸ்லிம்களின் மணவீடுகளில் ஒலிபெருக்கி கட்டும்போது அது மீண்டும் தலைதூக்கும். ஒருவர் நாகூர் அனிபாவின் பாட்டை வைக்கச் சொல்வார். ஆர்மோனியம் ஒலிப்பதால் அதுவும் ஆகாது என்பார் மற்றொருவர். இருவர் பேச்சும் கருவியையும் குரலையும் சுற்றியே நிற்கும். பாட்டின் சொல் யாது, அது எத்தகையது என்று வினவுவார் அரியர்.

விலக்குவோர் கூற்று எளிதில் தள்ளத்தக்கதன்று. திருக்குர்ஆனின் 31-ஆம் அத்தியாயம் 6-ஆம் வசனம், இறைவழியினின்று மக்களைத் திருப்பும் வீண் பேச்சைக் கண்டிக்கிறது. நபித்தோழர் இப்னு மஸ்ஊத் அதற்குப் பாட்டு என்றே பொருள் கொண்டார். இசைக் கருவிகளை மதுவோடும் பட்டோடும் சேர்த்துக் கூறும் நபிமொழி ஒன்று புகாரியின் தொகுப்பில் உண்டு. மலேசியாவிலும் காயல்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களிலும் வழங்கும் ஷாபி மத்ஹபின் அறிஞருள் பெரும்பாலோர் நரம்புக் கருவிகளையும் துளைக் கருவிகளையும் விலக்கினர். நம்மவர் தப்ஸ் எனக் கூறும் தஃபை மணவிழாவிற்கு உடன்பட்டனர். ஆயினும், பெருநாளன்று ஆயிஷா நாயகியின் இல்லத்தில் சிறுமியர் இருவர் பாடியதை அபூபக்கர் கடிந்தபோது, விட்டுவிடும்படி பெருமானார் பணித்த செய்தியும் அதே புகாரியில்தான் உள்ளது.

இவ்விரு கரைக்கும் இடையே நின்று ஆராய்ந்தவர் இமாம் கஸ்ஸாலி (மறைவு 1111). அவரும் ஷாபி மத்ஹபினரே. 'இஹ்யா உலூமித்தீன்' என்னும் பெருநூலின் நாற்பது பகுதிகளுள் பதினெட்டாவதை இசை கேட்டலுக்கென்றே வகுத்தார். பறவையின் குரலைக் கேட்பது குற்றமன்று எனில் மனிதனின் மிடற்றோசை மட்டும் எங்ஙனம் குற்றமாகும் என்பது அவர் வாதத்தின் ஒரு படி. பின்னர், கேடு ஐந்து வழியாகப் புகும் என்கிறார்: பாடுபவர், கருவி, பாட்டின் பொருள், கேட்பவர் உள்ளம், எப்பொழுதும் அதிலேயே மூழ்கும் பழக்கம். கருவியைப் பற்றி அவர் காட்டும் காரணம் ஊன்றி நோக்கத்தக்கது. யாழும் குழலும் இனிமை பற்றி விலக்கப்படவில்லை. அவை குடிப்போர் கூட்டத்தின் அடையாளமாகி, அக்கூட்டத்தை நினைப்பூட்டுவதனாலேயே விலக்கப்பட்டன.

மலேசியாவில் 1981-ஆம் ஆண்டு தேசிய ஃபத்வாக் குழு வழங்கிய முடிவும் சொல்லையே முன்வைக்கிறது. பாட்டின் சொற்கள் நல்லவையாய், ஆபாசமற்றவையாய், பாவத்திற்குத் தூண்டாதவையாய் இருத்தல் வேண்டும். ஆணும் பெண்ணும் வரம்பின்றிக் கலத்தல் கூடாது. இவை நிறைவேறினால் பாடுதல் ஆகும் என்பது அம்முடிவு. சொல்லே முதல் அளவுகோல் என்றால், ஆலிம்களோடு தமிழாசிரியர்க்கும் இவ்வழக்கில் இடமுண்டு அன்றோ?

காயல்பட்டினம் காசிம் புலவர் நபிகள் நாயகத்தின் மீது பாடிய திருப்புகழை எடுத்துக்கொள்ளலாம். அருணகிரிநாதரின் சந்தத்தை அவர் தம் பாட்டிற்கு ஆக்கிக்கொண்டார். வல்லெழுத்தும் மெல்லெழுத்தும் மாறி மாறி அடுக்கி வர, வாயால் ஓதிய அளவிலேயே தாளம் பிறக்கிறது. அதற்குத் தப்ஸ்கூட வேண்டா. கருவியைத் துறந்தும் இசையை இழக்காத வழி இது. ஆனால் ஒரு தடை எழும்: நினைப்பூட்டுவதே குற்றமெனில், இச்சந்தம் முருகனை நினைப்பூட்டாதா? சந்தம் யாப்பின் உடைமை, எத்தெய்வத்திற்கும் தனியுரிமை அன்று என்று விடை கூறலாம். அவ்விடை யாவரையும் நிறைவு செய்யும் என்பதற்கில்லை. அரபுச் சொற்களையும் சந்தம் வழுவாது அமர்த்திய புலவரின் திறமே அதனினும் வலிய விடை.

குணங்குடி மஸ்தான் சாகிபு (1792–1838) செய்தி வேறு. மனோன்மணிக் கண்ணியில் இறைவனைக் காதலியாக உருவகித்து ஏங்குகிறார். சொல்லை மட்டும் அளந்தால் இது ஐயத்திற்கு இடமாகும். கூந்தலையும் கன்னத்தையும் புனையும் பாட்டு தன்னளவில் விலக்கன்று, கேட்பவன் அதனை யார்மேல் ஏற்றுகிறான் என்பதே வினா என்றார் கஸ்ஸாலி. ஆகவே கண்ணி கூடும். ஆனால் பந்தியில் பிரியாணி பரிமாறும்போது ஒலிபெருக்கியில் முழக்குவதற்கு உரியதன்று.

மெய்யாகவே கடியத்தக்கது வேறொன்று. திரைப்படப் பாட்டின் மெட்டில் மார்க்கச் சொற்களை ஏற்றிப் பாடும் வழக்கம் ஒலித்தட்டுக் காலத்திலேயே புகுந்துவிட்டது. செவியில் நாயகத்தின் பெயர் விழ, உள்ளத்தில் திரைக்காட்சி ஓடுகிறது. கஸ்ஸாலியின் நினைப்பூட்டல் விதியை நேர்மையாகப் பொருத்தினால், ஆர்மோனியத்தைவிட இம்மெட்டே குற்றமுடையது. மெட்டு முன்னரே அமைந்துவிடுவதால் சொல்லும் அதற்கு அடிமையாகிறது. அளவை நிரப்ப வரும் அசைகள் பொருளின்றிக் கிடக்கின்றன. கருவியைக் கண்டவுடன் முகம் சுளிக்கும் பெரியவர்கள் பலர் இதனைக் கவனியாது விடுவது வியப்பே.

நாகூர் அனிபா (1925–2015) பாடிய பாடல்களில் நிலைத்தவை எளிய சொல்லும் நேரிய வேண்டுதலும் உடையவை. திராவிட இயக்க மேடைகளில் முழங்கிய குரலும் அதுவே ஆதலின், சிலர்க்கு அது கட்சிக் கூட்டத்தை நினைப்பூட்டலாம். அது அவர்தம் நினைவின் செயல். குரல் கம்பீரமானது, ஐயமில்லை. ஆனால் அக்குரல் ஏந்தி வந்த சொற்கள் பிறர் எழுதியவை. அவற்றுள் பல நாகூர்ப் புலவர் ஆபிதீன் யாத்தவை. கிள்ளான் மணவீடுகளில் அனிபாவை அறியாதார் இல்லை. ஆபிதீன் யார் என்று கேட்டால் விடை கூறுவோர் சிலரே.