உறைபனிக்கு அஞ்சாத புளிப்பு

வீட்டுத் தோட்டத்தில் எலுமிச்சை மாதிரி ஒரு மரம் வைத்திருக்கிறேன் என்று சொன்னால், ராலியில் இருக்கிற நம்மவர்கள் கேட்கிற முதல் கேள்வி, "தொட்டியிலதானே?" இல்லைங்க, மண்ணில்! வட கரோலினாவின் களிமண்ணில், தெற்கு பார்த்த செங்கல் சுவரை ஒட்டி, என்னைவிட உயரமாக நிற்கிறது. உறைபனி, ஐஸ் மழை எல்லாவற்றையும் வெளியில் நின்றே பார்த்துவிட்டு, வருஷா வருஷம் கூடை கூடையாகக் காய்க்கிறது. தாமஸ்வில் சிட்ரேஞ்ச்குவாட் என்பது அதன் முழுப்பெயர். வீட்டில் தாமஸ் என்றுதான் கூப்பிடுகிறோம். பார்க்கிறவர்களிடமெல்லாம் தாமஸ் புராணம் பாடுவதே என் வேலை என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்கிறார். பாடட்டுமே, பாட வேண்டிய மரம்தானே!

இந்த ஊரில் குளிர்காலம் என்றால் நமக்கு ஒரு சடங்கு உண்டு. கறிவேப்பிலைத் தொட்டியையும் மேயர் எலுமிச்சைத் தொட்டியையும் நவம்பரில் உள்ளே தூக்க வேண்டும், ஏப்ரலில் வெளியே தூக்க வேண்டும். உள்ளே வந்த மேயர் ஹீட்டர் காற்றில் இலையைக் கொட்டும், செதில் பூச்சி பிடிக்கும், தரையெல்லாம் பிசுபிசுக்கும். இவ்வளவு சீராட்டலுக்கும் நாலைந்து பழம் தந்தால் பெரிது. கறிவேப்பிலைக்கு மாற்று கிடையாது, அதை இன்றும் தூக்குகிறேன். மேயரைத் தூக்குவதை நிறுத்திவிட்டேன். தாமஸ் வந்தபின் அந்தத் தொட்டி அக்கம்பக்கத்தில் ஒருவர் வீட்டுக்குப் போய்விட்டது.

இந்த மரம் பிறந்த கதையே எனக்கு ஒரு பெருமை. 1894 டிசம்பர் கடைசியில் ஃப்ளோரிடாவின் ஆரஞ்சுத் தோப்புகளில் கடும் உறைபனி விழுந்தது. இலையும் காயும் போனதே தவிர, மரங்கள் பெரும்பாலும் பிழைத்தன. அடுத்து வந்த ஜனவரி இதமாக இருந்ததால் ஆபத்து தீர்ந்தது என்று நம்பி அவை துளிர்விட்டன, அடிமரத்தில் சாறு ஏறியது. 1895 பிப்ரவரி தொடக்கத்தில் இரண்டாம் உறைபனி. சாறு ஏறிய மரப்பட்டைகள் வெடித்தன, தோப்புத் தோப்பாக மரங்கள் செத்தன. அந்தப் பேரழிவுக்குப் பிறகுதான் அமெரிக்க வேளாண்மைத் துறையின் வால்டர் ஸ்விங்கிள், குளிர் தாங்கும் ஆரஞ்சு வேண்டும் என்று கலப்பினம் செய்யும் வேலையில் இறங்கினார். (கலிஃபோர்னியாவில் ஸ்மிர்னா அத்தி காய்ப்பதற்கு வேண்டிய குளவியைத் தருவித்துக் கொடுத்ததும் இதே மனிதர்தான்!)

சாதாரண ஆரஞ்சை ட்ரைஃபோலியேட் ஆரஞ்சு என்ற முள்மரத்தோடு சேர்த்தார்கள். ட்ரைஃபோலியேட் சீனத்திலிருந்து வந்தது. குளிர்காலத்தில் இலையை முழுக்க உதிர்த்துவிட்டு −20 டிகிரி செல்சியஸையும் தாங்கி நிற்கும். பழம்தான் வாயில் வைக்க விளங்காது, ஒரே கசப்பும் பிசின் வாடையும். இந்தச் சேர்க்கையில் பிறந்தது சிட்ரேஞ்ச். அதிலும் அந்த வாடை போகவில்லை. 1909-இல் அதைக் கும்குவாட்டோடு மறுபடி சேர்த்தார் ஸ்விங்கிள். அப்படிக் கிடைத்த செடிகளில் ஒன்று ஜார்ஜியாவின் தாமஸ்வில் ஊரில் முதலில் காய்த்தது, ஊர்ப்பெயரே அதற்கும் நிலைத்தது. ஆரஞ்சு செய்யக் கிளம்பியவர்கள் கடைசியில் எலுமிச்சை செய்திருக்கிறார்கள்! ரசமும் ஊறுகாயும் சாப்பிட்டு வளர்ந்த என்னைப் போன்றவளுக்கு அதைவிட என்ன வேண்டும்?

கும்குவாட்டைச் சேர்த்ததில்தான் சூட்சுமமே இருக்கிறது. அது குளிரில் ஆழ்ந்து தூங்கும், நாலு நாள் வெயில் அடித்தால் எழுந்துவிடாது. எங்கள் ஊர் பிப்ரவரி சரியான ஏமாற்றுக்காரி. ஒரு வாரம் ஸ்வெட்டர் வேண்டாம் என்பாள், மறுவாரம் குழாயை உறைய வைப்பாள். பக்கத்து வீட்டு பீச் மரம் அவளை நம்பிப் பூத்துவிட்டுப் பிஞ்செல்லாம் பறிகொடுக்கும். தாமஸ் கண்ணைத் திறக்காது. எல்லா மரமும் பச்சை கட்டிய பிறகு சாவகாசமாகத் துளிர்க்கும்.

2022 கிறிஸ்துமஸை ஒட்டி வந்த குளிரை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் கொல்லையில் வெப்பமானி −12 காட்டியது. இந்த மரம் தாங்கும் என்று சொல்லப்படுகிற எல்லைக்கு அருகில் அது. அடிமரத்தில் ஒட்டுப்போட்ட இடம் மறையும்படி மண்ணை அணைத்து, மேலே பனித்துணி போர்த்தி, உள்ளே பழைய காலத்துக் குண்டு பல்பு சரத்தைச் சுற்றி எரியவிட்டேன். எல்.ஈ.டி. சரம் வெளிச்சம்தான் தரும், சூடு தராது. ஜனவரியில் இலை முக்கால்வாசி கொட்டியது, இலையுதிர்காலத்துக் கொழுந்துகளின் நுனி கருகியது. நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டினேன். பச்சை! வசந்தம் வந்ததும் அந்த மொட்டைக் கிளைகளில் ஊசிமுனை அளவுக்குத் துளிர் எட்டிப் பார்த்த அன்று, சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் படம் அனுப்பிவிட்டேன். யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது, பழுப்புக் குச்சியாகத்தான் தெரிந்திருக்கும்.

இலைகளைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். ஒரே கொப்பில் ஒரு இலை தனி இலையாக இருக்கும். அடுத்ததின் அடியில் சுண்டுவிரல் நகம் போல ஒரு குட்டி இலை ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்கடுத்தது முழுசாக மூன்றாகப் பிரிந்திருக்கும். மூன்று பாட்டன்மாரும் அந்த ஒரு கொப்பில் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கோடையில் அந்த இலைகளில் பறவை எச்சம் கிடக்கும். தட்டிவிடப் போனால் எச்சம் நகரும்! ஜயண்ட் ஸ்வாலோடெயில் பட்டாம்பூச்சியின் புழு அது. தொட்டதும் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் இரட்டைக் கொம்பு நீட்டி, மூக்கைப் பொத்த வைக்கிற வாடை விடும். நம்மூரில் எலுமிச்சையிலும் கறிவேப்பிலையிலும் வருகிற புழுவுக்கு இது அமெரிக்க ஒன்றுவிட்ட தம்பி. கன்று சின்னதாக இருந்தால் எடுத்துப் போடுங்கள். வளர்ந்த மரத்தில் விட்டுவிடலாம், வெளிவருகிற பட்டாம்பூச்சியின் அழகுக்கு நாலு இலை ஒரு விலையா?

பூத்தால் வாசலிலேயே மணக்கும். ஒரே கிளையில் பூ, பிஞ்சு, காய் மூன்றும் இருக்கிற நாட்களும் உண்டு. காய் நம் எலுமிச்சையைவிடச் சிறியது, காம்புப் பக்கம் லேசாக நீண்டிருக்கும். பச்சையிலேயே பறித்து லைம் மாதிரி பிழியலாம். இந்த உருவத்துக்குள் இவ்வளவு சாறா என்று இருக்கும்! மெல்லிய தோல், கொஞ்சம் விதை, சுரீரென்ற புளிப்பு. மஞ்சளாகப் பழுத்தால் புளிப்பு ஒரு படி இறங்கும். ட்ரைஃபோலியேட் வாடை எங்கே என்று தேடினாலும் எனக்குத் தட்டுப்படவில்லை. குளிர் தாங்கும் மற்ற ரகங்களில் மார்ட்டன் சிட்ரேஞ்சைச் சிலர் தலையில் தூக்கி வைப்பார்கள், பழம் ஆரஞ்சு அளவு பெரிது என்று. பெரிதுதான், ஆனால் சமையலறைக்கு என் ஓட்டு தாமஸுக்கே.

ஊரிலிருந்து வந்திருந்த அத்தை ஒன்றை நறுக்கி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இது எலுமிச்சையும் இல்ல, நாரத்தையும் இல்ல. ஆனா உப்புல போட்டா நல்லாருக்கும்" என்றார். காயை நாலாகக் கீறி, கல்லுப்பை அடைத்து, ஜாடியை ஜன்னல் வெயிலில் வைத்தார். தோல் மெல்லியது என்பதால் சீக்கிரமே பதமாகிவிட்டது. தயிர் சாதத்துக்கு அப்படி ஒரு ஜோடி! "கசப்பு இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாம்" என்பது மட்டும் அத்தையின் குறை. கசப்பைக் குறைக்கத்தானே அத்தை ஸ்விங்கிள் அவ்வளவு பாடுபட்டார்!

வைக்க ஆசைப்படுகிறவர்களுக்குச் சிலது. தெற்குச் சுவர் ஓரம்தான் இடம், பகலில் வாங்கிய சூட்டைச் சுவர் இரவில் திருப்பித் தரும். தண்ணீர் தேங்கக்கூடாது. களிமண் என்றால் மேடு கட்டி நடுங்கள். ஜூலைக்கு மேல் உரம் போடாதீர்கள், போட்டால் வருகிற இளங்கொழுந்து முதல் பனிக்கே கருகும். ஒட்டுக்குக் கீழிருந்து கிளம்பும் துளிர் அநேகமாக வேர்ச்செடியான ட்ரைஃபோலியேட்தான், இரக்கமில்லாமல் கிள்ளுங்கள். இளங்கிளைகளில் முள் உண்டு, கையுறை இல்லாமல் கவாத்துக்குப் போகாதீர்கள். மரம் −12 தாங்கினாலும் காய் தாங்காது. −3 அளவில் சில மணி நேரம் நின்றாலே உறைந்து, அப்புறம் சாறு வற்றிப்போகும். கடும்பனி அறிவிப்பு வந்த அன்றே எல்லாவற்றையும் பறித்துவிடுங்கள். ஃப்ளோரிடா போனால் அங்கிருந்து கன்றைக் காரில் போட்டுக்கொண்டு வராதீர்கள். சிட்ரஸ் மரங்களைக் கொல்லும் கிரீனிங் நோய் அங்கே பரவியிருப்பதால், சான்றில்லாத கன்றை மாநிலம் விட்டுக் கடத்தத் தடை இருக்கிறது. நம் பக்கத்து நர்சரிகளில் சொல்லி வைத்தால் வசந்தத்தில் கிடைக்கும். கிடைத்ததும் எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள், இன்னொன்று வைக்க கிழக்குப் பக்கம் இடம் பார்த்து வைத்திருக்கிறேன்.