கத்தியை விடுங்கள், கணக்கைப் பாருங்கள்!

மத்தியகாலப் போர் விளையாட்டு என்றாலே குதிரைப்படை, கோட்டை முற்றுகை, பீரங்கி என்றுதான் பேச்சு. 'மெடீவல் 2: டோட்டல் வார்' கணினி ஆட்டத்தில் எனக்கு அதெல்லாம் அப்புறம். என்னை ராத்தூக்கம் கெடுத்து உட்கார வைப்பது அதிலுள்ள வரவு செலவுச் சுருள்! 2006-இல் வந்த ஆட்டம், இன்னும் அலுக்கவில்லை.

என் செல்லம் வெனிஸ். 1080-இல் ஆட்டம் தொடங்கும்போது கையில் வெனிஸ், ரகூசா, கிரீட் தீவின் இராக்லியான் என மூன்றே ஊர். அக்கம்பக்கத்தில் மிலான், புனித ரோமப் பேரரசு, பைசாந்தியம். பயத்தில் கை தானாக ஆள் சேர்க்கப் போகும். சேர்த்துப் பாருங்கள்! சண்டை போட்டாலும் சும்மா நின்றாலும் சுற்றுக்குச் சுற்று சம்பளம். சுருளின் ஒரு பக்கம் வரி, விளைச்சல், வணிகம், சுரங்கம் என்று வரிசை கட்டும். மறுபக்கம் படைப் பராமரிப்பு என்கிற ஒற்றை வரி அத்தனையையும் விழுங்கி ஏப்பம் விடும். கஜானா கடனுக்குள் இறங்கிவிட்டால் புதுக் கட்டடம் கிடையாது, புது ஆளும் கிடையாது.

கணக்குப்பிள்ளை புத்தி விழித்துக்கொள்ளும் இடம் இதுதான். நகரங்களில் காவலுக்கு நிற்கும் மிலிஷியா படைகளில் இத்தனைக்குச் சம்பளமில்லை என்று ஒரு சலுகை உண்டு. நகரம் வளர்ந்தால் சலுகையும் வளரும். கோட்டைகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மிலிஷியா ஈட்டிக்காரர்களை ஊர் ஊராகப் பிரித்து உள்ளே உட்கார வைத்துவிட்டுச் சுருளைத் திறந்தால், அந்த ராட்சச வரி இளைத்திருக்கும். அடடா, அந்தச் சுகம்! அதே ஆட்கள் வாசல் தாண்டினால் மீட்டர் ஓட ஆரம்பித்துவிடும். அதனால் படையெடுப்பு என்றால் சட்டென்று போய், சட்டென்று ஊரைப் பிடித்து, சட்டென்று உள்ளே புகுந்துவிட வேண்டும்.

போப் சிலுவைப்போர் அறிவித்தால் எனக்குத் தீபாவளி. சிலுவை ஏற்ற படைக்குப் பராமரிப்புச் செலவே இல்லை! வழியில் டேரா போட்டால் மட்டும் ஆட்கள் கழன்றுகொள்வார்கள். நிஜ வெனிஸும் சிலுவைப்போரைக் கணக்குப் புத்தகம் வழியாகத்தான் பார்த்தது. நான்காம் சிலுவைப்போருக்குக் கப்பல் கட்டித்தரப் பேசிய தொகை 85,000 மார்க். எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை, பணமும் முழுசாகச் சேரவில்லை. கடனுக்கு ஈடாக 1202-இல் ஸாரா நகரைப் பிடித்துத்தரச் சொன்னார் வெனிஸ் தலைவர் என்ரிகோ தாந்தோலோ. போனவர்கள் 1204-இல் கான்ஸ்டான்டினோபிளையே சூறையாடினார்கள்.

(ஆட்டத்தில் நாணயம் ஃப்ளோரின். ஃப்ளாரன்ஸ் தங்க ஃப்ளோரினை அச்சடித்ததே 1252-இல்தான். 1080-இல் எப்படி வந்தது என்று கேட்டால் ஆட்டம் ருசிக்காது.)

செலவைக் குறைப்பது பாதிதான். மீதி வணிகர்கள் பாடு. தலைநகரிலிருந்து தூரம் கூடக் கூடச் சரக்கின் லாபமும் கூடும். ஆகவே ஒருவரைக் கப்பலேற்றி, ஆப்பிரிக்கக் கரையில் இறக்கி, பாலைவனத்தைச் சுற்று சுற்றாக நடக்கவிட்டு டிம்பக்டு தங்கத்தின் மேல் நிறுத்துவேன். அவர் போய்ச் சேர்வதற்குள் எனக்கே நாக்கு வறண்டுவிடும். ஆனால் காசு கொட்ட ஆரம்பித்ததும், ஆகா!

இப்போது அவருக்குப் பக்கத்தில் ஒரு மிலான் வணிகன் வந்து நிற்கிறான். அசந்தால் இடத்தைப் பறித்துக்கொள்வான். கொலையாளி ஒருவனைக் கப்பலேற்றியாயிற்று. அவனுக்கும் சுற்றுக்குச் சுற்று கூலி அழ வேண்டும்.