பிறப்பா, விபத்தா? காமிக்ஸ் நாயகர்களின் சக்தி குறித்து

காமிக்ஸ் என்றாலே பிள்ளைகள் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடுவது நம் இலக்கியக்காரர்களின் வழக்கம். சினிமாவைப் பிரித்து மேய்ந்திருக்கிறோம், பாடநூல்களைத் தோலுரித்திருக்கிறோம். ஆனால் வீட்டில் முதல் ஆளாக எழுத்துக்கூட்டிப் படித்த எத்தனையோ காலனிப் பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகத்துக்கு வெளியே கிடைத்த முதல் பிரதி காமிக்ஸ்தான் என்பதை நாம் பெரிதாகக் கணக்கில் எடுக்கவில்லை. எந்தக் கம்பெனி காமிக்ஸ் ஒசத்தி என்று ரசிகர்கள் சண்டை போடுகிறார்கள். படம் நல்லா இருக்கா, தாள் நல்லா இருக்கா என்பதோடு அந்தச் சண்டை நின்றுபோகிறது. நான் கேட்க விரும்புவது வேறு. நாயகனுக்குச் சக்தி எங்கிருந்து வந்தது? சாதிச் சமூகத்தில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்காமல் எந்த வீரக்கதையையும் வாசித்துவிட முடியாது.

அமெரிக்காவின் இரண்டு பெரிய பதிப்பகங்களான டி.சி.யும் மார்வலும் இதற்கு இரண்டு விடைகளை வைத்திருக்கின்றன. டி.சி.யின் விடை பிறப்பு. 1938இல் வந்த சூப்பர்மேன் க்ரிப்டான் கிரகத்தில் பிறந்தவன். அந்தப் பிறப்பே அவன் பலம். 1941இல் வந்த வொண்டர் உமன் ஒரு ராணியின் மகள். 1939இல் வந்த பேட்மேனுக்குப் பிறவிச் சக்தி கிடையாது, ஆனால் அப்பன் விட்டுப்போன கோடிக்கணக்கான சொத்து உண்டு. அதுவும் பிறப்பால் வந்ததுதானே. மெட்ரோபோலிஸ், காத்தம் என்று கற்பனை நகரங்களில் நடக்கும் அந்தப் பழைய கதைகள் பெரும்பாலும் ஒரே இதழில் முடிந்துவிடும். அடுத்த மாதம் எல்லாம் பழையபடி இருக்கும்.

1961இல் ஃபென்டாஸ்டிக் ஃபோர், 1962இல் ஸ்பைடர்மேன் என்று கிளம்பிய மார்வலின் விடை விபத்து. கதிரியக்கம் பாய்ந்த சிலந்தி கடித்துவிட்ட பள்ளிக்கூடப் பையன், காசுக்கு அல்லாடுகிறவன், நிஜமான நியூயார்க் தெருக்களில் திரிகிறான். ஒரு மாதத்துக் காயம் அடுத்த மாதமும் வலிக்கிறது. யாருக்கு வேண்டுமானாலும் சக்தி வரலாம் என்கிற ஒரு ஜனநாயகம் இந்தக் கதையாடலில் இருக்கிறது. டி.சி.யிலும் விபத்தில் உருவான ஃப்ளாஷ் உண்டு, மார்வலிலும் தோர் என்கிற தேவகுமாரன் உண்டு. நான் போக்கைச் சொல்கிறேன், விதியை அல்ல.

இந்த இரண்டு போக்குகளும் தமிழுக்கு நேரடியாக வரவில்லை. இங்கே போட்டி முத்து, லயன், ராணி என்ற மூன்று பெயர்களுக்கு இடையே நடந்தது. சிவகாசியில் 1972இல் 'இரும்புக்கை மாயாவி'யோடு தொடங்கியது முத்து காமிக்ஸ். 1984இல் சிவகாசியிலிருந்தே லயனும், தினத்தந்தி குழுமத்திலிருந்து ராணியும் வந்தன. சி.பா. ஆதித்தனார் 1942இல் தொடங்கிய தினத்தந்தியின் வழியில், எழுத்துக்கூட்டுகிறவனுக்கும் புரிகிற குறுகிய வாக்கியம், சிக்கலில்லாத கதை என்பது ராணியின் பாணி. லயனில் ஆசிரியர் விஜயன் வாசகர்களோடு உட்கார்ந்து பேசுவது போல எழுதுகிற ஹாட்லைன் பக்கம், ஐரோப்பியக் கதைகள், சேகரித்து வைத்துப் பேசுகிற வாசகர் கூட்டம். ராணி காமிக்ஸ் 2005இல் நின்றுவிட்டது. முத்துவும் லயனும் பொன்விழா, நாற்பதாண்டு என்று கடந்துவிட்டன.

ராணி எளிய மக்களின் காமிக்ஸ் என்று சொல்வார்கள். உண்மைதான், டீக்கடையிலும் சலூனிலும் அது கிடக்கும். ஆனால் அந்த சலூனுக்குள் யார் போக முடியும்? நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் பகுதியில் ஒரு கடையில் காலனி ஆட்களுக்கு முடிவெட்ட மாட்டார்கள். வெட்டினால் ஊர் அந்த முடிதிருத்துபவரையே ஒதுக்கி வைத்துவிடும். அவரும் ஊருக்கு அடிமைதான். அட்டை கிழிந்த ராணி காமிக்ஸ் பெஞ்சில் கிடக்கும். ஜன்னலுக்கு வெளியே நின்று தலைகீழாகத் தெரிகிற படத்தைப் பார்த்துவிட்டு வருவோம். மலிவு விலை என்பது வேறு, எட்டுகிற தூரம் என்பது வேறு. பண்பாட்டு ஆய்வாளர்கள் வெகுசன வாசிப்பைப் பற்றி எழுதும்போது இந்த ஜன்னலையும் சேர்த்து எழுத வேண்டும்.

அப்படி எட்டி எட்டிப் பார்த்த பக்கத்தில் இருந்தது யார்? வேதாளர். லீ ஃபாக் 1936இல் உருவாக்கிய ஃபேன்டம். முத்துவில் வேதாளர், ராணியில் மாயாவி. தலைமுறை தலைமுறையாக அப்பன் முகமூடியை மகன் மாட்டிக்கொள்கிறான். இப்போது இருப்பவன் இருபத்தோராவது ஆள். மண்டையோட்டுச் சிம்மாசனத்தில் ஒரு வெள்ளைக்காரன், சுற்றிலும் குள்ள உருவத்தில் காட்டுவாசிகள். காடு அவர்களுடையது, சட்டம் அவனுடையது. டைம்ஸ் ஆஃப் இந்தியா குழுமத்தின் இந்திரஜால் காமிக்ஸ் இதே கதையை வெளியிட்டபோது, வங்காளத்தை நினைவூட்டக் கூடாதென்று பங்கல்லா என்ற நாட்டின் பெயரை டெங்காலி என்று மாற்றியது. அந்த ஒரு பெயர் உறுத்தியிருக்கிறது. பரம்பரையாக ஒருவன் ஆள, பரம்பரையாக ஒரு கூட்டம் கும்பிட்டு நிற்பது உறுத்தவில்லை. வர்ணக் கோட்பாட்டைப் படம் போட்டு விளக்க இதைவிட நல்ல கதை கிடைக்குமா?

இரும்புக்கை மாயாவி அப்படியில்லை. 1962இல் பிரிட்டிஷ் வார இதழான 'வேலியன்ட்'டில் வந்தவன். ஆய்வகத்தில் உதவியாளன். விபத்தில் ஒரு கை போய் இரும்புக்கை பொருத்தப்படுகிறது. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும், இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். என் அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் மலையேறிப் போய் வந்தவள். போடியில் பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கி வந்த முத்து காமிக்ஸை ஒருநாள் வாசித்துக் காட்டினேன். "இதென்னடா பெரிய அதிசயம்? நம்மளையும் கைய மட்டுந்தானடா பாக்குறாய்ங்க" என்றாள். எந்த விமர்சகரும் அந்தப் படத்தை இவ்வளவு சுருக்கமாக வாசித்து நான் பார்க்கவில்லை. பழம் எடுக்கிற கை வேண்டும், களை பிடுங்குகிற கை வேண்டும். கூலியை மட்டும் அந்தக் கையில் படாமல் மேலேயிருந்து போடுவார்கள். ஆள் கண்ணுக்குத் தெரியக் கூடாது. மாயாவி நினைத்தபோது மறைகிறான். நாம் மறைக்கப்பட்டிருக்கிறோம்.

விபத்தின் ஜனநாயகமும் நமக்குப் பொருந்துவதில்லை. மத்திய அமைச்சரவை 2015இல் ஒப்புதல் தந்த நியூட்ரினோ ஆய்வகத்துக்கு எங்கள் பொட்டிப்புரம் மலையைத்தான் குடைவதாக இருந்தது. ஒரு பையன் கேட்டான், "அண்ணே, உள்ள கரண்டு அடிச்சா நாமளும் மாயாவி ஆகிரலாமா?" பக்கத்திலிருந்த மாமா சொன்னார், "உள்ள போறவன் கூலிக்காரன்டா. அவனுக்குக் கரண்டு அடிச்சா பொணந்தான்." மலக்குழியில், பட்டாசு ஆலையில், மலைப்பாதை ஜீப்பில் நம் ஆட்களுக்கு விபத்து நடந்துகொண்டே இருக்கிறது. அதிலிருந்து ஒரு ஸ்பைடர்மேனும் எழுந்து வரவில்லை.

லயன் கொண்டுவந்த ஸ்பைடர் மூன்றாவது வகை. இவன் வேறு, ஸ்பைடர்மேன் வேறு. இவன் குற்றச் சக்கரவர்த்தி. பிறப்பும் இல்லை, விபத்தும் இல்லை, தன் மூளையும் கருவிகளுமே பலம். இந்த பிரிட்டிஷ் கதைகளில் பலவற்றை எழுதியவர் ஜெர்ரி சீகல், சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர். யூதக் குடியேறிகளின் பிள்ளைகளான சீகலும் ஜோ ஷூஸ்டரும் சூப்பர்மேனின் உரிமையை 130 டாலருக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, பிறகு கோர்ட்டுக்கு அலைந்தார்கள். அப்படி அலைந்தவரின் பேனாவிலிருந்து சட்டத்தை மதிக்காத ஒருவன் வந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. அவனும் கடைசியில் சட்டத்தின் பக்கம் சேர்த்துக்கொள்ளப்பட்டான் என்பது தனிக்கதை.

இப்போது 1972க்கு வருவோம். மாயாவி சிவகாசியில் அச்சேறிய அதே ஆண்டில்தான் பம்பாயில் நாம்தேவ் தசாலும் ஜே.வி. பவாரும் ராஜா தாலேயும் தலித் பேந்தரைத் தொடங்கினார்கள். அந்தப் பெயர் ஓக்லண்டில் 1966இல் உருவான கறுப்புச் சிறுத்தைகள் கட்சியிடமிருந்து வந்தது. அதே 1966இல், கட்சிக்குச் சில மாதம் முன்பு, மார்வலும் பிளாக் பேந்தர் என்ற நாயகனை வெளியிட்டிருந்தது. 1972இல் அந்தப் பெயரின் அரசியல் சூட்டைத் தாங்காமல் அவனைக் கொஞ்ச காலம் 'பிளாக் லெபர்ட்' ஆக்கியது. கம்பெனி கைவிட்ட பெயரை அதே ஆண்டில் பம்பாய் இளைஞர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

அந்த பிளாக் பேந்தர் யார் என்று பாருங்கள். வெள்ளைப் பையனுக்கு விபத்தைத் தந்த மார்வல், கறுப்பு நாயகனுக்கு மட்டும் அரச பரம்பரையைத் தருகிறது. வகாண்டாவின் மன்னன் மகன் மன்னன். அடிமைக்கதை மட்டுமே கேட்டு வளர்ந்தவனுக்கு அது ஒரு மறுப்பு, அதை நான் மறுக்கவில்லை. 2018இல் படம் வந்தபோது நம் பிள்ளைகள் விசிலடித்ததும் நியாயம். ஆனால் அந்த விசிலில் வேறொரு சத்தமும் எனக்குக் கேட்கிறது. 'நாங்களும் ஆண்ட பரம்பரை' என்று நம் தெருக்களிலும் பேனர் கட்டுகிறார்களே, அந்தச் சத்தம். ஆண்டவன் என்று நிரூபித்தால்தான் மனிதன் என்று ஒத்துக்கொள்வாயா? அப்படியானால் ஆளாதவனின் கதி என்ன? அருந்ததியர் தெருவில் இருக்கிற என் தோழனுக்கு எந்த வகாண்டாவைக் காட்டுவாய்? இது வேதாளரின் சிம்மாசனத்தில் ஆளை மாற்றி உட்கார வைக்கிற வேலை. சிம்மாசனம் அப்படியே இருக்கிறது.

1927இல் மகாடில் பாபாசாகேப்பின் பின்னால் ஆயிரக்கணக்கானவர்கள் நடந்துபோய்ச் சவுதார் குளத்தில் தண்ணீர் குடித்தார்கள். அந்தச் சக்தி பிறப்பில் வந்ததா, விபத்தில் வந்ததா? சேர்ந்து நடந்ததில் வந்தது. இதை வரையத்தான் மேற்சொன்ன எந்தக் கம்பெனிக்கும் தெரியவில்லை. கட்டம் கட்டி ஒற்றை ஆளை நடுவில் நிறுத்துகிற அந்த வடிவத்துக்குள் கூட்டம் எப்போதும் பின்னணிதான். அம்பேத்கர் வாழ்க்கையைச் சொல்லும் 'பீமாயணம்' நூலை நவயானா 2011இல் கொண்டுவந்தபோது, கோண்டு ஓவியர்களான துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் மனிதர்களைக் கட்டத்துக்குள் அடைக்க மறுத்தார்கள். விஷம் கக்கும் பேச்சுக்குத் தேள் கொடுக்கு வைத்த பலூன், இதமான பேச்சுக்குப் பறவை வடிவம். ஒரே பக்கத்தில் மனிதரும் மிருகமும் தண்ணீரும் கலந்து கிடக்கும். வடிவத்தை உடைக்காமல் உள்ளடக்கத்தை மட்டும் மாற்ற முடியாது என்பதற்கு அது ஒரு சான்று.

தமிழில் இந்த வேலை பாக்கி இருக்கிறது. வரையத் தெரிந்த மாணவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள், கதைகள் மண்டிக் கிடக்கின்றன. ஏலத்தோட்டத்து ஜீப்பை வரையுங்கள். அதற்குள் அடைந்து உட்கார்ந்திருக்கும் பெண்களில் ஒருத்தியை நாயகியாகப் பிரித்து எடுக்காமல், அத்தனை முகத்தையும் வரையுங்கள். கையை மட்டும் வரைந்து விட்டுவிடாதீர்கள்.