பரோக் இசையும் இலத்திரனியல் இசையும்: கேட்போர் பற்றிய ஒரு நோக்கு

இசை வரலாறு என எழுதப்படுவது பெரும்பாலும் இசையை ஆக்கியோரின் வரலாறாகவே அமைந்துவிடுகின்றது. ஆக்கியோனின் பிறப்பு, கல்வி, ஆக்கங்கள், அவற்றின் சிறப்பு என்பன விரிவாகப் பேசப்படும். அவ்விசையைக் கேட்டோர் யாவர், அவர்கள் எவ்வாறு கேட்போராயினர் என்னும் வினாக்கள் அருகியே எழுப்பப்படுகின்றன. இலக்கிய விமரிசனத்தில் வாசகரைப் பற்றிப் பேசப் பழகிவிட்ட நாம், இசையைப் பொறுத்தவரையில் அத்தகைய சிந்தனையை இன்னும் போதியளவு வளர்த்துக்கொள்ளவில்லை.

இன்று இவ்வினா புதிய அழுத்தம் பெற்றுள்ளது. ஒருவர் தமது அறையிலிருந்து கணினியொன்றின் துணைகொண்டு ஒரு முழு வாத்தியக் குழுவிற்குரிய ஒலிகளை உண்டாக்கி, அதே நாளில் அவற்றை இணையத்தின் வழியாக உலகெங்கும் பரப்பிவிட முடிகின்றது. ஆக்குதலும் பரப்புதலும் எளிதாயின. கேட்போரைப் பெறுதல் எளிதாயிற்றா? பரோக் இசையில் ஈடுபாடு கொண்டு, இலத்திரனியல் ஒலியில் தமது சொந்த ஆக்கங்களைப் படைப்போர் இவ்வினாவை மிகக் கூர்மையாக எதிர்நோக்குகின்றனர். இரு வேறு காலங்களைச் சேர்ந்த இருவரின் அனுபவங்களைக் கொண்டு அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒருவர் அமெரிக்கரான வெண்டி கார்லோஸ். மற்றவர் பதினெட்டாம் நூற்றாண்டின் ஜேர்மானியரான ஜோர்ஜ் பிலிப் தெலெமான்.

ஐரோப்பிய இசையில் ஏறத்தாழ 1600 முதல் 1750 வரையான காலப்பகுதி பரோக் காலம் என வழங்கப்படுகின்றது. ஒழுங்கற்ற வடிவுடைய முத்தைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து இப்பெயர் பிறந்தது எனக் கொள்ளப்படுகின்றது. முதலில் இஃது இகழ்ச்சிச் சொல்லாகவே வழங்கிற்று. இவ்விசையின் இயல்புகளுள் இரண்டு நமது பொருளோடு நெருங்கிய தொடர்புடையன. முதலாவது, ஒன்றோடொன்று பிணைந்து செல்லும் அதேவேளை ஒவ்வொன்றும் தன்போக்கிற் பொருளுடையதாக விளங்கும் பல இசைக்கோடுகளால் அஃது அமைவதாகும். இரண்டாவது, அக்கோடுகள் எவ்வாத்தியத்தில் ஒலிக்க வேண்டும் என்பதில் அக்கால இசையாளர் காட்டிய நெகிழ்ச்சியாகும். ஒரே ஆக்கத்தைப் புல்லாங்குழலிலோ வயலினிலோ வாசிக்கலாம் என அவர்களே எழுதிவைத்தனர். ஜொஹான் செபஸ்தியன் பாக் தமது இறுதிக் காலத்தில் உருவாக்கிய ‘ஃபியூக் கலை’ என்னும் நூலில் வாத்தியம் எதனையும் குறிப்பிடவேயில்லை. வாய்ப்பாட்டிலும் வீணையிலும் நாதசுரத்திலும் ஒரே கீர்த்தனை தன் அடையாளத்தை இழவாது நிற்பதை அறிந்த நமக்கு இந்நெகிழ்ச்சியை விளங்கிக்கொள்வது கடினமன்று. பின்வந்த பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய இசையோ இதிலிருந்து வேறுபட்டது. அங்கு வாத்தியத்தின் ஒலிவண்ணம் ஆக்கத்தின் பிரிக்கவியலாத கூறாகிவிட்டது.

பரோக் இசையின் இவ்வியல்பே அதனை இலத்திரனியல் ஒலிக்கு ஏற்றதாக்கியது. 1948 இல் பாரிசில் பியர் ஷாஃபர் ஒலிப்பதிவுகளையே மூலப்பொருளாகக் கொண்டு இசை படைக்க முற்பட்டார். 1951 இல் ஜேர்மனியின் கொலோன் வானொலி நிலையத்தில் இலத்திரனியல் இசைக்கென ஒரு கூடம் உருவாயிற்று. நியூயோர்க்கில் கொலம்பியா, பிரின்ஸ்டன் ஆகிய பல்கலைக்கழகங்கள் இணைந்து இத்தகைய நிலையமொன்றை நடத்தின. இக்கூடங்களிற் பிறந்த ஆக்கங்கள் இசை வரலாற்றில் முக்கியமானவை. எனினும் பொதுமக்களுள் மிகப் பெரும்பாலோர் அவற்றை இசையாகவே ஏற்றுக்கொள்ளவில்லை. ஒலியும் புதிது, அமைப்பும் புதிது; பற்றிக்கொள்வதற்குரிய பழகிய பொருள் எதுவும் அங்கிருக்கவில்லை.

1939 இற் பிறந்த கார்லோஸ், பிரவுண் பல்கலைக்கழகத்தில் இசையையும் பௌதிகத்தையும் பயின்றபின், மேற்கூறிய நியூயோர்க் நிலையத்தில் விளாடிமிர் உசச்செவ்ஸ்கியிடம் பயிற்சி பெற்றவர். றொபேட் மூக் உருவாக்கிய ஒலித்தொகுப்பியின் வளர்ச்சியில், குறிப்பாக விரலின் அழுத்தத்தை உணரும் சுரப்பலகையின் உருவாக்கத்தில், அவருடைய ஆலோசனைகளுக்கு முக்கிய பங்குண்டு. இக்கருவி ஒரே நேரத்தில் ஒரு சுரத்தை மாத்திரமே ஒலிக்க வல்லது. சுருதியும் அடிக்கடி நழுவிவிடும். எனவே ஒவ்வோர் இசைக்கோட்டையும் தனித்தனியே வாசித்துப் பல்தட ஒலிநாடாவில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிய வேண்டியிருந்தது. சுரக்கூட்டுக்களின் திரட்சியில் தங்கியிருக்கும் இசைக்கு இம்முறை பொருந்தாது. தனித்தனிக் கோடுகளால் ஆன பாக்கின் இசைக்கோ அது வெகுவாகப் பொருந்திற்று. ரேச்சல் எல்கைண்ட் என்பாரின் தயாரிப்பில், மாதக்கணக்கான உழைப்பின் பின், 1968 இல் கொலம்பியா நிறுவனத்தினூடாக ‘சுவிச்ட் ஒன் பாக்’ என்னும் இசைத்தட்டு வெளிவந்தது. அமெரிக்காவின் பொது இசைத்தட்டு விற்பனைப் பட்டியலில் அது முதற் பத்து இடங்களுக்குள் நுழைந்தது. 1970 இல் மூன்று கிராமி விருதுகளைப் பெற்றது. 1986 இல், பத்து இலட்சம் பிரதிகள் விற்றமைக்கான பிளாற்றினத் தகுதியையும் எய்தியது. கனேடியப் பியானோக் கலைஞரும் பாக்கின் இசையில் துறைபோயவருமான கிளென் கூல்ட் அதனைப் பெரிதும் பாராட்டினார்.

இவ்வெற்றியை வெறும் விந்தைமோகம் எனத் தள்ளிவிடுவாரும் உளர். அக்கூற்று முழுமையானதன்று. மூன்றாவது பிராண்டன்பேர்க் கொன்சேட்டோவை எடுத்துக்கொள்வோம். மூன்று வயலின்கள், மூன்று வியோலாக்கள், மூன்று செலோக்கள், இவற்றைத் தாங்கும் அடித்தள வாத்தியங்கள் என்பன இதற்குரியவை. நரம்பு வாத்தியங்கள் யாவும் ஒரே குடும்பத்தன ஆதலின், ஒரு கோட்டிலிருந்து மற்றொன்றிற்குத் தாவும் இசைத்துணுக்கைப் பழக்கமற்ற செவி தவறவிட்டு விடுவதுண்டு. கார்லோஸ் ஒவ்வொரு கோட்டிற்கும் வெவ்வேறு ஒலிவண்ணத்தையும் கூர்மையான தொடக்கத்தையும் அளித்தமையால், அத்தாவல்கள் யாவும் துலக்கமாகக் கேட்கின்றன. இசையின் கட்டமைப்பை ஒலிவண்ணத்தின் வாயிலாக விளக்கும் இப்பணி விமரிசனப் பணிக்கு ஒப்பானது. அதேவேளை, வில்லின் அழுத்தமும் மூச்சின் ஏற்றத்தாழ்வும் தரும் உயிர்ப்பு இங்கு குறைகின்றது என்பதையும் கூறுதல் வேண்டும்.

இவ்வாக்கத்தின் நடுப்பகுதியே நமது விவாதத்திற்கு மையமாக அமைகின்றது. முதலாம் பகுதிக்கும் இறுதிப் பகுதிக்கும் இடையே பாக் இரண்டு சுரக்கூட்டுக்களை மாத்திரமே எழுதியுள்ளார். அவ்விடத்தில் வாசிப்போர் தமது கற்பனைக்கேற்ப ஏதேனும் சேர்த்திருக்கலாம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. கார்லோஸ் அவ்விடைவெளியைத் தமது சொந்த இசையால் நிரப்பினார். இழையும் சுருதிகளும் இயற்கை வாத்தியங்கள் தரமாட்டாத ஒலிகளும் அங்கு இடம்பெறுகின்றன. இலட்சக்கணக்கானோர் தம்மை அறியாமலே ஓர் இலத்திரனியல் இசை ஆக்கியோரின் புத்தாக்கத்தைக் கேட்டது இச்சிறு இடைவெளியிலேயாகும். பாக் இருபுறமும் காவல் நின்றமையால் அவர்கள் அதனை அஞ்சாது கேட்டனர் எனலாம்.

காவலின்றி வந்தபோது நிகழ்ந்தது வேறு. 1972 இல் கார்லோஸ் ‘சோனிக் சீசனிங்ஸ்’ என்னும் இரட்டை இசைத்தட்டை வெளியிட்டார். நான்கு பருவங்களே அதன் பொருள். இயற்கை ஒலிப்பதிவுகளும் ஒலித்தொகுப்பியின் நீண்ட ஒலிகளும் அதிற் கலந்துள்ளன. 1725 இல் விவால்டி வெளியிட்ட ‘நான்கு பருவங்க’ளின் பொருளையே அஃது எடுத்துக்கொள்கின்றது, ஆயின் விவால்டியின் மெட்டு எதனையும் இரவல் பெறவில்லை. பிற்காலத்திற் பெருவழக்குப் பெற்ற சூழலிசைக்கு முன்னோடி என இன்று மதிக்கப்படும் இவ்வாக்கம், ‘சுவிச்ட் ஒன் பாக்’ பெற்ற கேட்போர் தொகையை அணுகவும் இல்லை. புதிய சுருதி அமைப்புக்களைக் கையாண்ட 1986 ஆம் ஆண்டின் ‘பியூட்டி இன் த பீஸ்ட்’ என்பதும் சிறு வட்டத்தினரிடையே மாத்திரம் போற்றப்பட்டது. இசைத்தட்டு நிறுவனங்களோ முதல் வெற்றியின் புறத்தோற்றத்தைப் பின்பற்றி, பழகிய மெட்டுக்களை மூக் ஒலியிற் பொதிந்து தட்டுக்கள் பலவற்றை வெளியிட்டன. பழைய இசையின் வாயிலாகக் கேட்போரைப் பெறுபவர், அக்கேட்போரைத் தமது சொந்த இசைக்கு அழைத்துச் செல்லல் அரிது என்பதையே இவ்வரலாறு உணர்த்துகின்றது. கேட்போர் பாக்கைத் தேடி வந்தவர்கள். பாக் இல்லாதவிடத்து அவர்கள் தங்கவில்லை.

அவ்வாறாயின் வேறு வழி யாது? விடையைப் பரோக் காலத்திலேயே காணலாம். அக்கால இசையாளருட் பெரும்பாலோர் அரசவையையோ தேவாலயத்தையோ சார்ந்து வாழ்ந்தனர். ஆக்கத்திற்கு முன்னரே கேட்போர் காத்திருந்தனர். 1721 முதல் ஹம்பேர்க் நகரின் தேவாலய இசைக்குப் பொறுப்பாயிருந்த தெலெமான், அப்பதவியோடு அமையாது தாமே பதிப்பாளருமானார். 1725 இலிருந்து நாற்பதுக்கும் மேற்பட்ட தமது வெளியீடுகளைத் தாமே பதிப்பித்தார். அச்சுத் தகடுகளிற் பலவற்றைத் தம் கையாலேயே செதுக்கினார். 1728 இல் அவர் தொடங்கிய ‘உண்மையான இசையாசிரியன்’ என்னும் ஏடு, இரு வாரங்களுக்கு ஒருமுறை நான்கு பக்கங்களில் வெளிவந்தது. ஓர் ஆக்கத்தின் பகுதிகள் அடுத்தடுத்த இதழ்களிற் பிரித்து வெளியிடப்பட்டன. வீட்டிலே வாசிக்கத்தக்க எளிமையும், கிடைக்கும் வாத்தியத்திற்கேற்ப மாற்றிக்கொள்ளும் வசதியும் அவற்றிற்கு இருந்தன. 1733 இல் வெளிவந்த ‘விருந்திசை’ என்னும் பெருந்தொகுதிக்கு 206 பேர் முன்கூட்டியே பணம் செலுத்தினர். பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தோர் கையொப்பம் சேர்த்த முறையை ஒத்தது இது. அக்கையொப்பக்காரரின் பெயர்கள் நூலிலேயே அச்சிடப்பட்டன. இலண்டனிலிருந்த ஹண்டெலின் பெயரும் அவற்றுள் ஒன்று.

இங்கு தொகையைக் காட்டிலும் உறவே முதன்மையானது. அந்த 206 பேரும் வேறொருவரின் மெட்டைத் தேடி வந்தவர்களல்லர். தெலெமானின் புதிய ஆக்கத்தை, அதனைக் கேட்குமுன்னரே, நம்பி வரவேற்றவர்கள். இதழிதழாக வந்த இசை அந்நம்பிக்கையைப் படிப்படியாக வளர்த்தது. எண்ணிக்கை தரத்திற்கு அளவுகோலாகாது என்பதற்கும் அக்காலமே சான்று தருகின்றது. பாக் இறந்தபின் 1751 இல் அச்சேறிய ‘ஃபியூக் கலை’, 1756 வரையில் ஏறத்தாழ முப்பது பிரதிகளே விற்பனையாயிற்று. அவருடைய மகன் கார்ல் பிலிப் இமானுவேல் பாக் அதன் செப்புத் தகடுகளை விற்றுவிட முன்வந்தார். அம்முப்பது பிரதிகள் பாதுகாத்துத் தந்த இசையே இன்று உலகின் பெருஞ்செல்வங்களுள் ஒன்றாக மதிக்கப்படுகின்றது.

நமது காலத்து இணையவழி வெளியீடு தெலெமானின் முறையை மீளச் சாத்தியமாக்கியுள்ளது. 1993 இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான்ரா குரூஸ் வளாக மாணவர்கள் ஈடுபட்டுத் தொடங்கிய இணைய இசைச் சேமகம், நிறுவன ஆதரவற்ற இசையாளர் தமது ஒலிப்பதிவுகளை நேரடியாக வெளியிட வழிசமைத்தது. 2008 இல் தோன்றிய பான்ட்காம்ப் போன்ற தளங்கள், கேட்போரே ஆக்கியோருக்கு நேரே பணம் கொடுத்து இசையைப் பெறும் முறையை வளர்த்தன. ஆயின் இதே இணையத்தில் கார்லோசின் பாதையும் திறந்தே கிடக்கின்றது. பழகிய மெட்டைப் புதிய ஒலியில் அளிப்பது விரைவாகப் பரவும். எத்தனை முறை ஒலித்தது என்னும் எண் உடனே உயரும். அவ்வெண்ணோ, ஒருவர் இறுதிவரை கேட்டாரா, இடையில் விட்டகன்றாரா என்பதைத் தன்னளவிற் கூறமாட்டாது. அச்சிட்ட 206 பெயர்களுக்கும் முகமற்ற ஓர் எண்ணிற்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று.

எனவே பரோக் இசையிற் காதல் கொண்ட இலத்திரனியல் இசையாளர், அக்காதலை எவ்வாறு பயன்கொள்வது என்பதைத் தெளிந்து கொள்ளல் வேண்டும். பாக்கின் மெட்டை அணிந்துகொள்வது கேட்போரைத் தற்காலிகமாக ஈர்க்கும். பாக்கிடமிருந்து இசைக்கோடுகளின் நேர்மையையும் சிக்கனத்தையும் கற்று, அவற்றைத் தமது சொந்தப் பொருளுக்கு ஆக்கிக்கொள்வது கடினமானது. அத்தகைய இசைக்குக் கேட்போர் மெதுவாகவே சேர்வர். தெலெமானைப் போலச் சிறிது சிறிதாக, தொடர்ச்சியாக, பெயர் அறியப்பட்ட சிலருக்கென வெளியிடுவதே அவர்களைத் தக்கவைக்கும் வழியாகத் தோன்றுகின்றது.

கேட்போருக்கும் இதிற் கடமையுண்டு. கார்லோசின் சொந்த ஆக்கங்களுக்கு நேர்ந்த புறக்கணிப்பை ஆக்கியோரின் குறையாக மாத்திரம் கொள்ளல் தகாது. பழகியதை மட்டும் விரும்பிய கேட்போரும், விற்றதை மட்டும் மீள விற்ற நிறுவனங்களும் அதற்குப் பொறுப்பாவர். இரண்டு சுரக்கூட்டுக்களின் இடைவெளியில் ஒலித்த இசையைக் கேட்டு, இதனை ஆக்கியவர் வேறென்ன ஆக்கியுள்ளார் என வினவியிருப்பின் நிலைமை வேறாயிருந்திருக்கும். பல்கலைக்கழகச் சூழலில் வாழும் நாம், அறியப்படாத ஓர் ஆக்கத்தை இறுதிவரை கேட்கவும், கேட்டபின் அதனைப் பற்றி நேர்மையாக உரையாடவும் பழகுதல் வேண்டும். அவ்வாறு கேட்கும் சிலர் இருக்கும் வரையில் புதிய இசைக்குக் கையொப்பக்காரர் இல்லாமற் போகார்.