எரித்த பிறகு

ஆலன் பார்க்கரின் ‘மிஸிஸிப்பி பர்னிங்’ (1988) நல்ல படம் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போகமாட்டேன். ஒளிப்பதிவுக்கு ஆஸ்கர் வாங்கிய படம். ஜீன் ஹேக்மேன் ஒரு முறைப்பு முறைத்தாலே டிக்கெட் காசு செரித்துவிடும். டைட்டில் ஓடும்போதே மரத்தில் கட்டிய ஒரு சர்ச் கொழுந்துவிட்டு எரிகிறது. அப்புறம் படம் நெடுக ஏதாவது எரிந்துகொண்டே இருக்கிறது.

எனக்குள்ள பிரச்னை வேறு. எரித்த பிறகு கறுப்பர்களுக்கு இந்தப் படம் என்ன வேலை கொடுத்திருக்கிறது? அழுவது, பாடுவது, யாராவது கேள்வி கேட்டால் தலையைக் குனிந்துகொள்வது. ஒரு சிறுவன் மட்டும் தைரியமாக வாயைத் திறக்கிறான். மற்றதையெல்லாம் இரண்டு வெள்ளைக்கார எஃப்.பி.ஐ. ஆசாமிகள் பார்த்துக்கொள்கிறார்கள். கறுப்பர்கள் பாவம், பயந்த சனங்கள். யாராவது வந்து காப்பாற்றவேண்டும். அவ்வளவுதான்.

நடந்த கதை அப்படியே தலைகீழ்.

1964 கோடையில், கறுப்பர்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்க மிஸிஸிப்பிக்கு நூற்றுக்கணக்கான இளைஞர்கள் போனார்கள். லேசான வேலை இல்லை. அரசியல் சட்டத்தின் ஒரு பிரிவுக்கு விளக்கம் சொல்லச் சொல்வார்கள். விளக்கம் சரியா என்று தீர்மானிப்பது வெள்ளைக்கார குமாஸ்தா. எத்தனை படித்திருந்தாலும் ஃபெயில்! அதற்கெல்லாம் தயார்செய்ய ஒரு இடம் வேண்டுமே? வெள்ளைக்கார முதலாளியைக் கேட்காமல் கறுப்பர்கள் கூடமுடிந்த கட்டடம் அநேகமாக சர்ச் ஒன்றுதான். லாங்டேல் என்ற கிராமத்தின் மவுன்ட் ஸயன் சபையார், எங்கள் இடத்தில் பள்ளிக்கூடம் நடத்திக்கொள்ளுங்கள் என்றார்கள். ஜூன் 16 இரவு, கூட்டம் முடிந்து வெளியே வந்தவர்களை கு க்ளக்ஸ் க்ளான் ஆட்கள் அடித்து நொறுக்கினார்கள். பிறகு சர்ச்சைக் கொளுத்தினார்கள். சாம்பலைப் பார்க்கவந்த மூன்று இளைஞர்களை ஜூன் 21 அன்று கொன்று மண் அணைக்குள் புதைத்தார்கள். 44 நாள் கழித்துத்தான் உடல்கள் கிடைத்தன.

ஆக, சரி என்று சொன்னதற்காகத்தான் எரித்தார்கள். அந்தச் ‘சரி’யைச் சொல்ல எத்தனை நெஞ்சழுத்தம் வேண்டும்! படத்தில் அது ஒரு காட்சியாகக்கூட இல்லை.

வெள்ளை ஹீரோக்கள் இல்லாமல் இப்படியொரு படத்தை எடுத்திருக்கவே முடியாது என்பது பார்க்கர் தரப்பு வாதம். வியாபாரக் கணக்கு, புரிகிறது. ஆனால் கடைசியில் குற்றவாளிகளை ஒவ்வொருவராக ஃப்ரீஸ் செய்து, இவருக்கு இத்தனை வருடம் என்று எழுத்துப் போடுகிறார்களே, அதுதான் உறுத்துகிறது. நியாயம் கிடைத்த திருப்தியோடு நாம் எழுந்து போகிறோம். நிஜத்தில் 1967-ல் தண்டனை பெற்ற ஏழு பேரில் ஒருவரும் ஆறு வருடத்துக்கு மேல் உள்ளே இருக்கவில்லை. கொலை வழக்கை மாநில அரசு தொடவே இல்லை. மவுன்ட் ஸயன் சபையார் சர்ச்சை மறுபடி கட்டி, வருடா வருடம் ஜூனில் நினைவுக் கூட்டம் நடத்திக்கொண்டிருந்தார்கள். க்ளான்காரர் எட்கர் ரே கில்லனுக்குத் தண்டனை உறுதியானது 2005 ஜூன் 21. சரியாக 41 வருடம். இந்தக் கில்லன் ஒரு சர்ச் பிரசங்கி என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

1995 ஜூனில் தெற்கு கரோலைனாவில், அடுத்தடுத்த இரண்டு இரவுகளில் இரண்டு கறுப்பர் சர்ச்சுகள் எரிந்தன. க்ளான் ஆட்கள் மாட்டினார்கள், ஜெயிலுக்குப் போனார்கள். நாடெங்கும் சர்ச் எரிப்புகளை விசாரிக்க கிளின்டன் 1996-ல் தனிக்குழு போட்டார். நாடு தழுவிய ஒரே சதி என்று ஏதுமில்லை என்றது குழு. அப்பாடா என்றிருந்தது பலருக்கு.

எரிந்த இரண்டில் ஒன்றான மாஸிடோனியா சபையாருக்கு அப்படி இல்லை. தீ வைத்தவர்கள் சரி, அவர்களுக்கு அந்த வெறுப்பைப் பிரசங்கம் செய்தவர்கள்? க்ளான் அமைப்பின் மீதும் தலைவர் மீதும் நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போட்டார்கள். 1998-ல் ஜூரி சொன்ன தொகை 3 கோடியே 78 லட்சம் டாலர். நீதிபதி பிறகு அதை 2 கோடியே 15 லட்சமாகக் குறைத்தார். அவ்வளவு பணத்துக்கு க்ளான் எங்கே போகும்? அவர்கள் கூட்டம் போட்டுக்கொண்டிருந்த நிலம்தான் கைமாறியது.

இதில் துப்பாக்கி இல்லை, சேஸிங் இல்லை. ஹேக்மேனுக்கும் வேலை இல்லை.