யாரு பாட்டு?

வீட்டில் ‘நான் ஆணையிட்டால்’ ஓடும்போது “இது யாரு பாட்டு?” என்று கேட்டுப் பாருங்கள். எம்ஜிஆர் பாட்டு என்பார்கள். பாடியவர் டி.எம்.சௌந்தரராஜன், எழுதியவர் வாலி, இசை விஸ்வநாதன் - ராமமூர்த்தி, படம் 1965இல் வந்த ‘எங்க வீட்டுப் பிள்ளை’. இவ்வளவும் தெரிந்தவர்களும் அப்படித்தான் சொல்வார்கள். அதே டி.எம்.எஸ். சிவாஜிக்குப் பாடினால் அது சிவாஜி பாட்டு. இதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. நம் கேட்கும் மரபு வைத்துக்கொண்ட வகைப்பாடு அது.

இந்த மரபை ‘பீட்ஸ்’ மென்பொருளிடம் கொண்டுபோனால் என்ன ஆகிறது? பீட்ஸுக்கு ஜன்னலும் கிடையாது, பட்டனும் கிடையாது. கட்டளையைத் தட்டச்சு செய்ய வேண்டும். ஒரு ஃபோல்டரைக் காட்டினால் மியூசிக்பிரைன்ஸ் தரவுத்தளத்தில் தேடி, எத்தனை சதவீதம் பொருந்துகிறது என்று சொல்லும். சந்தேகமிருந்தால் நம்மையே கேட்கும். ‘இருக்கிறபடியே விடு’ என்றால் விட்டுவிடும். இந்த மரியாதைக்காகவே எனக்கு அதைப் பிடிக்கும்.

ஆனால் அது கட்டித் தரும் அலமாரி வேறு ஊருடையது. முதலில் ஆர்ட்டிஸ்ட், அதற்குள் ஆல்பம், அதற்குள் பாட்டு. நாலு பேர் சேர்ந்து தாங்களே எழுதி, தாங்களே பாடிய ராக் குழுவுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. சினிமாப் பாட்டில் ஆர்ட்டிஸ்ட் யார்? யாரைப் போட்டாலும் அது ஒரு விமர்சனத் தீர்ப்புதான்.

எம்பி3 கோப்பின் வாலில் ஒட்டிக்கொண்டிருந்த பழைய ஐடி3 குறிப்பு மொத்தமே 128 பைட். தலைப்புக்கு 30. தமிழை யூடிஎஃப்-8இல் அதற்குள் திணித்தால் ‘நான் ஆணையி’ வரைதான் இடம். ஆணை பாதியிலேயே நின்றுவிடும்! இரண்டாம் பதிப்பு தாராளமானது. இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் தனித்தனி அறை கொடுத்தது. இருந்தும் பல பிளேயர்கள் திரையில் காட்டுவது தலைப்பையும் ஆர்ட்டிஸ்டையும்தான். வாலி கோப்புக்குள் இருக்கிறார், கேட்பவர் கண்ணில் படுவதில்லை.

திரையில் வாயசைத்தவருக்கோ தனி அறையே கிடையாது. பீட்ஸில் அதற்கு நாமே ஒரு புலம் சேர்க்கலாம், ஒரு வரிக் கட்டளை போதும். பிறகு எம்ஜிஆர் பாட்டு மட்டும் கொடு என்றால் டி.எம்.எஸ்., சீர்காழி, எஸ்பிபி, யேசுதாஸ் எல்லாரும் ஒரே வரிசையில் வந்து நிற்பார்கள். எந்த ஸ்ட்ரீமிங் ஆப்பையும் விட இது எங்கள் வீட்டுப் பேச்சுக்குப் பக்கம்.

ஒரு சிக்கல். நாம் சேர்க்கும் புலம் பீட்ஸின் தரவுத்தளத்தில் மட்டுமே பதிவாகிறது, பாட்டுக் கோப்பில் எழுதப்படுவதில்லை. பென் டிரைவில் நண்பனுக்குப் போட்டுக் கொடுத்தால் டி.எம்.எஸ். போவார், வாலி போவார். எம்ஜிஆர் என் கம்ப்யூட்டரிலேயே இருந்துவிடுவார்.